பீங்கானின் பின்பக்கம்: ஆங்கில நீல-வெள்ளைப் பாத்திரச் சேகரிப்பு குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

இங்கிலாந்தில் பழைய நீல-வெள்ளைப் பீங்கான்களைச் சேர்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பீங்கான் கையில் அகப்பட்டதும் அவர்கள் முதலில் சித்திரத்தைப் பார்ப்பதில்லை. அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்கிறார்கள். 'இங்கிலாந்து' என்ற சொல் அங்கே அச்சிடப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது. இறக்குமதிப் பொருட்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கின்லி சுங்கவரிச் சட்டம் விதித்ததே அதற்குக் காரணம். சாய்சதுர வடிவிலான பதிவு முத்திரை இருந்தால் அந்த வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது. அடிவளையத்தின் மூலையில் கண்ணாடிப் பூச்சு இளநீலமாகத் தேங்கி நின்றால் பீங்கான் அதற்கும் முந்தியதாக இருக்கலாம். சின்னஞ்சிறு தழும்புகள் தெரிந்தால் அவை சூளைக்குள் பீங்கானைத் தாங்கி நின்ற முட்டுகளின் அடையாளங்கள். இத்தனையையும் ஒரு நிமிடத்துக்குள் வாசித்துவிடுகிறார்கள். ஏட்டுச்சுவடியின் எழுத்தமைதியைக்கொண்டு காலத்தைச் சொல்லும் எங்கள் பழைய பண்டிதர்களின் திறமைக்கு இது எந்தவகையிலும் குறைந்ததல்ல.

இவ்வளவு கூர்மையாகப் பார்க்கின்ற இந்தக் கண்கள் இறுதியில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதைச் செய்தது யார்? கிடைக்கும் விடைகள் ஸ்போட், மின்ரன், வெட்ஜ்வுட், றோஜேர்ஸ், கிளூஸ் என்பன. ஜோசையா வெட்ஜ்வுட்டும் முதலாம் ஜோசையா ஸ்போட்டும் இளமையில் களிமண்ணைக் கையால் தொட்டு வேலை பழகியவர்கள் என்பது உண்மை. ஆயினும் நூற்றுக்கணக்கானோர் வேலைசெய்த பட்டறைகளின் அதிபர்களாக அவர்கள் ஆனபிறகு, அவர்களுடைய பெயர் தாங்கிய பீங்கான்களை அவர்கள் செய்யவில்லை. சேகரிப்பு நூல்களில் 'செய்தவர்' என்னும் சொல்லுக்கு 'உடைமையாளர்' என்பதே பொருள். இந்தப் பொருள்மாற்றத்தைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன்.

ஆங்கிலேயரின் பழைய சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு, இந்த இதழின் பக்கங்களை இதற்கு ஏன் செலவழிக்கவேண்டும் என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். பீங்கான் என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. மலாய்மொழியிலும் சிங்களத்திலும் ஏறத்தாழ அதே சொல்லே தட்டைக் குறிக்கின்றது. யாழ்ப்பாணத்தில் பீங்கான் என்றாலே சாப்பிடும் தட்டுத்தான். எங்கள் வீடுகளின் கண்ணாடி அலுமாரிகளில் வெளியே எடுக்கப்படாத பீங்கான்கள் சில எப்போதும் இருந்தன. பெரிய இடத்து விருந்தாளி வந்தால் மட்டும் இறங்கும். அதே வீட்டின் பின்வளவில் கூலிக்கு வந்தவருக்குத் தேநீர் சிரட்டையில் கொடுபட்டது. தேநீர்க்கடைகளில் எல்லோருக்கும் ஒரே பாத்திரம் வேண்டும் என்பதற்காக 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் இரத்தம் சிந்தவேண்டியிருந்தது. எவர் எதில் உண்கிறார், எவர் செய்ததில் எவர் உண்கிறார் என்பவை சமூக உறவுகள் என்பதை எங்களுக்கு வேறெவரும் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. ஆகவே மற்றவர்களின் அலுமாரியைத் திறந்து பார்க்கும் தகுதி எங்களுக்கு ஓரளவு உண்டென்றே நினைக்கிறேன்.

இந்தப் பாத்திரங்கள் உருவான கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கிழக்கிந்தியக் கொம்பனியின் கப்பல்களில் தேயிலையோடு நீல-வெள்ளைப் பீங்கானும் வந்துகொண்டிருந்தது. 1784இல் பிரித்தானிய அரசு தேயிலைமீதான வரியை 119 வீதத்திலிருந்து 12.5 வீதமாகக் குறைத்தது. தேநீர் சாதாரண வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. தேநீர் நுழைந்தால் பாத்திரமும் வேண்டும். 1791இல் கொம்பனி சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதை நிறுத்திக்கொண்டது. வரியும் ஏறியது. இந்த இடைவெளியில்தான் ஸ்ரஃபோட்ஷயரின் பட்டறைகள் புகுந்தன. களிமண்ணாலான மலிவான பாத்திரத்தில், கண்ணாடிப் பூச்சுக்குக் கீழே நீலச் சித்திரத்தை அச்சிடும் முறையை 1784 அளவில் ஸ்ரோக் நகரில் முதலாம் ஸ்போட் செம்மைப்படுத்தினார் என்று நூல்கள் கூறுகின்றன. சீனாவில் தூரிகையால் வரையப்பட்டதை இங்கே அச்சடித்தார்கள். காலனித்துவ வணிகத்தின் வரலாற்றில் இது பழகிய கதை. டாக்காவின் துணிக்கும் மஞ்செஸ்ரரின் துணிக்கும் நடந்ததை நினைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் அச்சு என்றதும் இயந்திரம் தானாகவே செய்துவிட்டது என்று கருதிவிடக் கூடாது. இவ்விடத்தில் சற்று நின்று பார்ப்பது அவசியம். செதுக்குநர் ஒருவர் வாரக்கணக்கில் குனிந்திருந்து, கோடுகளாலும் புள்ளிகளாலும் செப்புத் தகட்டில் சித்திரத்தை வெட்டுவார். ஆழமாக வெட்டிய இடத்தில் நீலம் கருமையாக விழும்; மெல்லிய புள்ளிகள் வானத்தின் மங்கலைத் தரும். அந்தத் தகட்டை அடுப்பின்மேல் சூடாக்கி, கோபால்ற் கலந்த எண்ணெய்மையைத் தேய்த்து, மிகுதியை வழித்துத் துடைத்து, சவர்க்கார நீரில் நனைத்த மெல்லிய தாளை அதன்மேல் விரித்து, உருளை அச்சில் கொடுத்து இழுப்பார்கள். இதைச் செய்பவர் ஆண். அச்சேறிய தாளை வாங்கி, கத்தரிக்கோலால் வேண்டாத பாகங்களை வெட்டி எடுப்பது ஒரு சிறுமியின் வேலை. வெட்டிய துண்டுகளை, ஒருமுறை மட்டும் சூளைக்குச் சென்று வந்த பூச்சற்ற பீங்கானின்மீது பொருத்தி ஒட்டுபவர்கள் பெண்கள். கரைச் சித்திரம் தனித்தாள்; நடுச் சித்திரம் தனித்தாள். பூச்சற்ற பீங்கான் மையை உடனே உறிஞ்சிவிடும். ஆகையால் தாளை ஒருமுறை வைத்தால் வைத்ததுதான், நகர்த்த முடியாது. பிறகு விறைப்பான பிரஷ்ஷினால் பலமாகத் தேய்த்து மையை இறக்கி, தண்ணீரில் தாளைக் கழுவி எடுத்து, எண்ணெய் எரிந்துபோக மறுபடி மெல்லிய தீயில் வைத்து, ஈயம் கலந்த பூச்சில் தோய்த்து, இறுதியாகச் சூளைக்கு அனுப்புவார்கள். தோய்ப்பவர்களை ஈயநஞ்சு பிடித்தது. தீக்கல் தூள் நெஞ்சை அடைத்தது. இவையெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அரச அறிக்கைகளிலேயே பதிவாகியுள்ளன.

தட்டையான தாளை வளைந்த பரப்பில் ஒட்டும்போது அது சுருங்கும், அல்லது மேலொன்றாய் ஏறும். வட்டமான கரையைச் சுற்றிக்கொண்டு வரும் சித்திரத்தின் தொடக்கமும் முடிவும் ஓரிடத்தில் சந்திக்கவேண்டும். பெரும்பாலும் அவை சரியாகச் சந்திப்பதில்லை. ஒரு பூ பாதியில் அறுந்து இன்னொரு பூவின் இலையாகத் தொடரும். குவளைகளின் கைப்பிடிக்குக் கீழேயும் மூடிகளின் ஓரத்திலும் இத்தகைய பொருத்துகள் தெளிவாகத் தெரியும். சேகரிப்பாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பொருத்து இருந்தால் அது கையால் ஒட்டிய அச்சு என்பதற்கு ஒரு சான்று என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதாவது, ஓர் உழைக்கும் பெண்ணின் கை தன் வேலையின்போது விட்டுச்சென்ற மிகத் தெளிவான தடம் அவர்களுடைய விரலுக்குக் கீழே இருக்கிறது. அவர்கள் அதைக்கொண்டு பொருளின் உண்மைத்தன்மையை நிறுவுகிறார்கள். நிறுவியபின் மீண்டும் முதலாளியின் பெயரைத் தேடிப் போய்விடுகிறார்கள்.

இந்தப் போக்கின் மறுபக்கம்தான் சித்திரங்களைப் பற்றி இவர்கள் சொல்லும் கதைகள். இவற்றில் மிகவும் புகழ்பெற்றது வில்லோ என்னும் அலரிமரச் சித்திரம். பாலம், பாலத்தின்மேல் மூவர், சீன மாளிகை, படகு, நீர்மேல் சாய்ந்த மரம், வானில் இரு புறாக்கள். அதிகாரி ஒருவரின் மகள் கூங்-சீ தந்தையின் எழுத்தரான சாங்கைக் காதலித்து ஓடுகிறாள். தந்தை சவுக்குடன் துரத்துகிறான். காதலர்கள் இறந்து புறாக்களாகிறார்கள். இது சீனாவின் பழங்கதை என்று இன்னமும் எத்தனையோ பேர் நம்புகிறார்கள். சீனாவில் இப்படியொரு கதை கிடையாது. சித்திரம் 1790 அளவில் ஸ்ரஃபோட்ஷயரில் பல சீன உருக்களைச் சேர்த்துத் தைத்து உண்டாக்கப்பட்டது. அதன் முந்திய வடிவங்கள் சிலவற்றில் பாலமே இல்லை. கதையோ 1849இல் ஆங்கிலக் குடும்பச் சஞ்சிகை ஒன்றில், சித்திரம் வீடுதோறும் பரவி அரை நூற்றாண்டு கழிந்தபின், விரிவாக வெளியானது. கோயில் எழுந்து நெடுங்காலத்தின் பின் தலபுராணம் பாடப்படுவதுபோல. தலபுராணத்திலாவது அந்த ஊர்க்காரரின் நம்பிக்கை கொஞ்சம் கலந்திருக்கும். இங்கே சீனரல்லாதவர் வரைந்த சீனாவுக்கு சீனரல்லாதவர் புராணம் எழுதினார்கள். பின்னர் சீனாவின் பீங்கான்காரர்களே ஏற்றுமதிக்காக இந்த ஆங்கிலச் சித்திரத்தைப் பார்த்துக் கையால் வரைந்து கொடுக்க நேர்ந்தது. கீழைத்தேயவாதம் பற்றிப் பக்கம்பக்கமாக எழுதுகின்ற எங்கள் நண்பர்கள் ஒருமுறை இந்தப் பீங்கானை வைத்துச் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

சேகரிப்பாளர்கள் மத்தியிலுள்ள பொறுப்பான ஆய்வாளர்கள் இந்தப் புராணத்தை எப்போதோ உடைத்துவிட்டார்கள் என்பதையும் கூறியாகவேண்டும். ஸ்போட் பட்டறையை 1833இல் தம்வசமாக்கிய கோப்லன்ட் குடும்பத்தைச் சேர்ந்த றொபேர்ட் கோப்லன்ட் 1980இல் எழுதிய நூல், எந்தச் சீன மூலத்திலிருந்து எந்தக் கோடு வந்தது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியது. ஆயினும் விற்பனையாளர்களின் சீட்டுகளில் கூங்-சீ இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறாள். காதல்கதை உள்ள பீங்கான் கதையில்லாத பீங்கானைவிடச் சுலபமாக விலைபோகும்.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. 1815 அளவில் ஸ்போட் வெளியிட்ட 'இந்திய வேட்டை' வரிசை இன்று சேகரிப்பாளர்கள் மிக விரும்பித் தேடுவனவற்றுள் ஒன்று. இதன் சித்திரங்கள் வங்காளத்தில் படை அதிகாரியாக இருந்த தோமஸ் வில்லியம்சனின் வேட்டை நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. சாமுவேல் ஹொவிட் வரைந்த படங்களுடன் எட்வேர்ட் ஓர்ம் 1805 முதல் 1807வரை அதை வெளியிட்டார். கரடியின் மரணம், மரத்திலிருக்கும் சிறுத்தையைச் சுடுதல், ஓநாயைத் துரத்துதல் என்று ஒவ்வொரு பீங்கானின் பின்புறத்திலும் தலைப்பு நீலத்தில் அச்சாகியிருக்கும். இன்னொருவரின் நூலிலிருந்து படத்தை எடுத்துப் பீங்கானில் பதிக்க அக்காலத்தில் எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. 1842இன் பதிப்புரிமைச் சட்டத்தோடுதான் இந்தத் தாராளம் குறைந்து, எங்கும் இல்லாத கற்பனை ஏரிகளும் கோட்டைகளும் பீங்கான்களில் பெருகின.

இந்த வரிசையில் ஒரு சித்திரத்தின் தலைப்பு, 'டூரியாக்கள் நாய்களை வெளியே கூட்டிச்செல்லல்' என்பது. டூரியா என்றால் வெள்ளைக்காரத் துரைகளின் வேட்டைநாய்களைப் பராமரிக்கும் ஆள். வரிசை முழுவதிலும் பார்த்தால் துரை வேட்டையாடுகிறார், மிருகம் சாகிறது. இந்தியர்கள் தாங்கிக்கொண்டும் அடித்துக்கலைத்துக்கொண்டும் நாய்களைப் பிடித்துக்கொண்டும் நிற்கிறார்கள். பெயர் கிடையாது, தொழிற்பெயர் மட்டும் உண்டு. வங்காளத்தில் எவனோ ஒருவன் நாயைப் பிடித்தான். லண்டனில் அது ஒரு படமானது. ஸ்ரோக்கில் ஒரு செதுக்குநர் அந்தப் படத்தைச் செம்பில் வெட்ட, ஒரு சிறுமி தாளைக் கத்தரிக்க, ஒரு பெண் ஒட்டித் தேய்த்தாள். பின்னர் அதில் ஓர் ஆங்கிலக் கனவான் இறைச்சி வெட்டிச் சாப்பிட்டார். இந்தத் தொடரில் பெயர் நிலைத்தவர்கள் வில்லியம்சன், ஹொவிட், ஓர்ம், ஸ்போட் ஆகிய நால்வர். இன்று ஏல அட்டவணையில் அந்தப் பீங்கான் இடம்பெறும்போது ஐந்தாவது பெயராகச் சேர்வது முந்திய சேகரிப்பாளருடையது. இவருக்குப் பிறகு அவரிடம் இருந்தது, அவருக்குப் பிறகு இவரிடம் இருந்தது என்று உடைமையின் வம்சாவளி நுணுக்கமாக எழுதப்படுகின்றது.

இடதுசாரி நண்பர்கள் இந்த இடத்தில் தலையாட்டி, சேகரிப்பு என்பதே பூர்ஷ்வாப் பொழுதுபோக்கு, பண்ட வழிபாட்டின் முற்றிய நிலை, இதைப்பற்றி வேறென்ன பேசக் கிடக்கின்றது என்று முடித்துவிடப் பார்ப்பார்கள். இதனை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. இந்தப் பீங்கான்களின் சேகரிப்பு வரலாற்றைப் பார்த்தால் விடயம் அவ்வளவு எளிதல்ல என்பது புரியும். 1870களில் விஸ்லர், றொசெற்றி போன்ற ஓவியர்கள் லண்டனில் நீல-வெள்ளைப் பித்தை உண்டாக்கியபோது அவர்கள் சேர்த்தது அசல் சீனப் பீங்கானை. அச்சடித்த ஸ்ரஃபோட்ஷயர்ச் சாமான்களை அந்த ரசனைக்காரர்கள் மதிக்கவில்லை. அது சமையலறைச் சாமான், வேலைக்காரர் சாமான். அதை முதலில் தேடியவர்களுள் முக்கியமானவர்கள் அமெரிக்கர்கள். தங்கள் நகரங்களின் காட்சிகளை ஸ்ரஃபோட்ஷயரின் ஈனொக் வூட், கிளூஸ் பட்டறைகள் கருநீலத்தில் அச்சிட்டு அனுப்பியதை அவர்கள் தம் நாட்டு வரலாறாகச் சேர்த்தார்கள். அலிஸ் மோர்ஸ் ஏர்ள் அமெரிக்காவில் பீங்கான் சேகரித்தல் பற்றி எழுதிய நூல் 1892இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் 'நீலத்தின் நண்பர்கள்' என்ற சங்கம் 1973இல்தான் உருவானது. கோய்ஷும் ஹென்றிவூட்டும் 1982இல் தொகுத்த அகராதி, 1780க்கும் 1880க்கும் இடைப்பட்ட அச்சுப் பீங்கான்களின் சித்திரங்களை அகரவரிசைப்படுத்தித் தந்தது. 1989இல் இரண்டாம் தொகுதியும் வந்தது. பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பார்க்காத ஒரு துறையில், ஓய்வுநேரத்தில், சொந்தப் பணத்தில், ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் வீட்டுப் பெண்களும் சேர்ந்து செய்த வேலை இது. சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் இந்தப் பீங்கான்களில் பெரும்பகுதி குப்பைக்குப் போயிருக்கும். முன்னர் விரிவுரை மண்டபத்தில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: சம்பளம் வாங்கிக்கொண்டு நாங்கள் செய்த எத்தனையோ ஆய்வுகளைவிட இந்த அகராதி நேர்மையான உழைப்பு.

வால்ரர் பெஞ்சமின் 1937இல் எடுவார்ட் ஃபூக்ஸ் என்ற சேகரிப்பாளரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஃபூக்ஸ் ஜெர்மனியின் சமூக ஜனநாயக இயக்கத்திலிருந்து வந்தவர். கேலிச்சித்திரங்களையும், பிறர் மதியாத வெகுசனக் கலைப்பொருட்களையும், சீனக் கூரைமுகட்டு உருவங்களையும் சேர்த்தவர். அவருடைய நூல்களின் குறைபாடுகளைப் பெஞ்சமின் மறைக்கவில்லை. ஆனால் பெயர் தெரியாதவர்கள் செய்த பொருட்களையும் பல்லாயிரம் படிகளாக உற்பத்தியான பொருட்களையும் சேர்க்கப் புகுந்தவர், மேதை என்ற கருத்தைத் தாண்டிப் போகவேண்டியவராகிறார் என்பதை அவர் கண்டுகொண்டார். சேகரிப்புக்கு இந்தத் திசையும் சாத்தியம். நீல-வெள்ளைச் சேகரிப்பாளர்களிடம் இருப்பது ஃபூக்ஸின் பொருள். பழக்கமோ ஓவியச் சந்தையின் பழக்கம். ரெம்பிரான்ட் வரைந்தாரா அவருடைய மாணவர் வரைந்தாரா என்ற கேள்வியை, இருபது கைகள் தொட்ட ஒரு சூப்புப் பீங்கானிடம் போய்க் கேட்கிறார்கள். கேள்வி பொருளுக்குப் பொருந்தவில்லை.

பொருளின் பின்புறத்தில் வேறு கேள்விக்கான விடையின் ஒரு நுனி கிடக்கின்றது. முதலாளியின் முத்திரைக்கு அப்பால், பல பீங்கான்களில் மிகச் சிறிய அடையாளம் ஒன்று இருக்கும். ஓர் இலக்கம், ஒரு நட்சத்திரம், ஒரு சிலுவை, இரு புள்ளிகள், ஒரு கோடு. சில மண்ணில் அழுத்தப்பட்டவை. சில நீலத்தில் இடப்பட்டவை. இவை வேலையாட்களின் குறிகள். துண்டுவேலைக்குக் கூலி கணக்கிடுவதற்காக, இது என் கை வழியே போனது என்று இட்டவை. சேகரிப்பு வழிகாட்டிகள் பல இவற்றை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன: இந்தக் குறிகளைக்கொண்டு பட்டறையை உறுதிசெய்ய முடியாது, ஆகவே புதியவர்கள் இவற்றால் குழம்பவேண்டாம். வேலையாளின் கையொப்பம் உரிமையாளரை அறிய உதவாது என்பதால் அது பயனற்ற குறியாகிவிடுகின்றது. இந்த ஒரு வரியில் இந்தத் துறையின் கருத்துநிலை முழுவதும் அடங்கியிருக்கின்றது எனலாம்.

நான் இப்போது பொதிசெய்யும் பகுதியில் வேலைசெய்கிறேன். எங்கள் வரிசையில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சிறு சீட்டு வைக்கப்படும். அதில் பொதிசெய்தவரின் இலக்கம் இருக்கும். பெட்டியை வாங்கித் திறப்பவருக்கு அது குப்பை. அந்த இலக்கம் எங்களைக் கௌரவிப்பதற்காக வைக்கப்படுவதில்லை என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிழை வந்தால் ஆளைப் பிடிப்பதற்காக. ஸ்ரஃபோட்ஷயரின் நட்சத்திரங்களும் சிலுவைகளும் இப்படியானவைதான். ஒருபக்கம் அவை கூலிக்கான உரிமைக்கோரல். மறுபக்கம் கண்காணிப்பின் கருவி. அங்கிருந்த ஓர் ஏற்பாட்டை அறிந்தால் இது நன்றாக விளங்கும். 'சூளையிலிருந்து நல்லதாக' என்பது அதன் பெயர். தட்டை உருவாக்கிய தொழிலாளிக்கு அவர் செய்து கொடுத்த எண்ணிக்கைக்குக் கூலி கிடையாது. சூளையிலிருந்து பழுதின்றி வெளிவந்த எண்ணிக்கைக்கே கூலி. சூளைக்காரர் நெருப்பைக் கூட்டிவிட்டாலும், அடுக்கியவர் கைதவறினாலும், மண்கலவையே பிழையாக இருந்தாலும், இழப்பு உருவாக்கியவருக்கு. 1836 நவம்பர் முதல் 1837 சனவரிவரை பட்டறைத் தொழிலாளர்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தில் இதுவும், ஆளை ஆண்டு முழுவதற்கும் கட்டிவைக்கும் வருட ஒப்பந்த முறையும் முக்கிய பிரச்சினைகளாக இருந்தன. தொழிலாளர்கள் பட்டினியால் தோற்றார்கள். அந்த ஆண்டுகளின் பீங்கான்களை வைத்திருக்கும் சேகரிப்பாளர்கள் பலருண்டு. சித்திரத்தின் மூலநூலைச் சொல்லும் அளவுக்கு அந்த வேலைநிறுத்தத்தைச் சொல்லும் குறிப்பை நான் அவர்களுடைய அட்டவணைகளில் கண்டதில்லை.

பெயர்கள் கிடைக்கவில்லை, நாங்கள் என்ன செய்வது என்பது அவர்களுடைய வழமையான பதில். ஓரளவு நியாயமான பதில்தான். பட்டறைக் கணக்கேடுகளில் பல அழிந்துவிட்டன. ஆனால் சாட்சியங்களே இல்லை என்பது சரியல்ல. 1840களின் தொடக்கத்தில் சிறுவர் தொழில் ஆணைக்குழுவுக்காகச் சாமுவேல் ஸ்கிரிவன் இப்பட்டறைகளுக்குச் சென்று குழந்தைகளிடமே வாக்குமூலம் எடுத்தார். எத்தனை வயது, எத்தனை மணிக்கு வருகிறாய், வாசிக்கத் தெரியுமா என்ற கேள்விகளுக்குப் பெயரோடும் வயதோடும் விடைகள் பதிவாகியுள்ளன. ஏழு வயதில் அச்சுருக்களைச் சுமந்துகொண்டு வெப்ப அறைக்கும் மேசைக்குமிடையில் ஓடத் தொடங்கிய சாள்ஸ் ஷோ, முதுமையில் தன் குழந்தைப்பருவத்தை எழுதினார். 1903இல் அந்த நூல் வெளிவந்தபோது அதன் முகப்பில் அவர் பெயர் இல்லை; 'ஒரு பழைய பட்டறைத் தொழிலாளி' என்றே இருந்தது. பின்னர் ஆர்னல்ட் பெனற் தன் நாவலொன்றுக்கு அதிலிருந்து எடுத்துக்கொண்டார். இவை கிடைப்பதற்கரிய ஆவணங்களல்ல, நூலகங்களில் உள்ளவை. சேகரிப்பு நூலுக்கும் ஷோவின் நூலுக்குமிடையில் இருப்பது ஒரு நூலகத் தட்டின் தூரம்தான். அந்தத் தூரத்தை எவரும் கடக்காததற்குக் காரணம் சான்றின்மையல்ல.

விதிவிலக்கு ஒன்று உண்டு. டேவிட் ட்றக்கார்டும் போல் ஹோல்ட்வேயும் 1983இல் எழுதிய ஸ்போட் அச்சுப் பீங்கான் பற்றிய நூல். ஹோல்ட்வே அந்தப் பட்டறையிலேயே செதுக்குநராக இருந்தவர். செம்பில் உளி எப்படி இறங்கும், எந்த ஆழத்தில் எந்த நீலம் வரும், தேய்ந்துபோன தகட்டைத் திரும்ப வெட்டினால் சித்திரம் எப்படி மாறும் என்பதெல்லாம் அதில் தொழில் தெரிந்தவரின் மொழியில் வருகின்றன. ஒரு கோடு ஏன் தடித்திருக்கின்றது என்று இரசிகரான சேகரிப்பாளர் கேட்டால், பிற்காலத்துப் பிரதி, மதிப்புக் குறைவு என்பார். செதுக்குநரிடம் கேட்டால், தகடு தேய்ந்துவிட்டது, அவசரமாகத் திருத்தியிருக்கிறார்கள், அந்தவேளை வேலை மிகுதியாக இருந்திருக்கவேண்டும் என்பார். பீங்கான் ஒன்றே. முதலாமவர் சொன்னது விலை, இரண்டாமவர் சொன்னது வரலாறு. இத்தகைய நூல் இன்னும் பத்து வந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதவேண்டி வந்திராது.

இப்போது காலம் கடந்துகொண்டிருக்கின்றது. 1956இன் தூயகாற்றுச் சட்டத்தோடு போத்தல் வடிவ நிலக்கரிச் சூளைகள் அணையத் தொடங்கின. ஆயிரக்கணக்கில் நின்றவற்றில் மிஞ்சியிருப்பவை ஐம்பதுக்கும் குறைவு. 2008 நவம்பரில் ஸ்போட் கொம்பனி வங்குரோத்தாகி நிர்வாகிகளின் கைக்குப் போனது. வேலையிழந்தவர்களுடன் ஒட்டும் பெண்களின் கைப்பழக்கமும் வீட்டுக்குப் போனது. அடுத்த ஆண்டு இன்னொரு கொம்பனி ஸ்போட் என்ற பெயரையும் சித்திரங்களின் உரிமையையும் வாங்கிக்கொண்டது. பெயரை மட்டும் தனியே பிரித்து விற்க முடிந்தமை, நான் மேலே சொன்ன பொருள்மாற்றத்தின் இறுதிக் கட்டம். சந்தையிலும் பழைய மவுசு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கார்களின் பின்பெட்டியைத் திறந்துவைத்து விற்கும் வெளிகளில் நூறு வருடப் பழமையான வில்லோப் பீங்கானை ஓரிரு பவுணுக்கு வாங்கலாம். வாங்குபவர்களில் என்னைப்போன்ற தொழிற்சாலைக்காரரும் உண்டு. அகதியாக வந்தவன் உடைகின்ற சாமான் சேர்ப்பது புத்தியில்லை என்று என் மனைவி சொல்வார். அவர் சொல்வதில் நியாயமுண்டு. அதனால் மூன்றோடு நிறுத்தியிருக்கிறேன். மூன்றிலும் கரையின் பொருத்து தெரிகின்றது. ஒன்றின் பின்புறத்தில் நீலத்தில் ஒரு சிறு சிலுவை இருக்கின்றது.

ஸ்ரோக் நகரின் மண்ணைத் தோண்டினால் பீங்கான் ஓடுகள்தான் வரும். பட்டறைகள் தம் பழுதுபட்ட சாமானைப் பின்வளவில் கொட்டின. பழைய களிமண் குழிகளையும் அவற்றைக்கொண்டே நிரப்பின. வீதியோ கட்டடமோ போடும்போது அகழ்வாராய்ச்சியாளர் இந்த ஓடுகளைச் சேகரித்து ஆராய்கிறார்கள். முத்திரையில்லாத ஒரு சித்திரம் எந்தப் பட்டறைக்கு உரியது என்ற வாதத்தில், அந்தப் பட்டறையின் நிலத்தில் கிடைத்த உடைந்த ஓடு மிக உறுதியான சான்றாகக் கொள்ளப்படுகின்றது. அந்த ஓடுகள் சூளையிலிருந்து நல்லதாக வராதவை. அவற்றை உருவாக்கியவர்களுக்கு அவற்றுக்கான கூலி கொடுபடவில்லை.